பேப்பருக்கு அடியில் மூன்று எழுத்து

பக்கெட்டக்கா இன்றைக்கு பஸ் ஓட்டப் போகிறாள். கழுவ இல்லை ஐயா, ஓட்ட! டிரைவர் சட்டை தைத்து வந்தாகிவிட்டது, லைசென்ஸ் பையில் இருக்கிறது, எந்தத் தடம் என்றும் சொல்லியாகிவிட்டது. டிப்போவில் காலையிலிருந்து ஒருத்தருக்கும் வேலை ஓடவில்லை. டயர் மாட்டுகிறவன் பாதி போல்ட்டை முடுக்கிவிட்டு மீதியை அப்படியே விட்டு வந்து கேட்டருகே நிற்கிறான். கணக்குப் பிரிவு ஜன்னலில் நாலு தலை தெரிகிறது. டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டே வந்துவிட்டார்.

அவள் எப்படி ஓட்டுகிறாள் என்று பார்க்க வந்த கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அது பேர் வைக்க வந்த கூட்டம்.

அந்த டிப்போவில் அப்படி ஒரு வழக்கம். பஸ்களுக்கு நம்பர் உண்டு, ஆனால் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஆபீஸ்காரன் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு நம்பர் பிளேட்டும் மூன்று இங்கிலீஷ் எழுத்தில் ஆரம்பிக்கும். புது வண்டி முதல் தடவை கேட்டைத் தாண்டும்போது, அந்த மூன்று எழுத்தும் அதே வரிசையில் வருகிற ஓர் இங்கிலீஷ் வார்த்தையை யாராவது சொல்லியாக வேண்டும். நடுவில் வேறு எழுத்து எத்தனை வந்தாலும் பரவாயில்லை. அதுவரை பிளேட் மேல் பேப்பர் ஒட்டியிருக்கும். டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்க, கேட்டுக்காரர் எல்லார் முன்னாலும் பேப்பரைக் கிழித்து எழுத்தைச் சத்தமாகப் படிப்பார். யார் வேண்டுமானாலும் கத்தலாம், டிரைவரும் கத்தலாம், பிளேட்டை மாட்டியவன் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. வார்த்தையைச் சொன்னால் மட்டும் போதாது. அர்த்தத்தையும் சொல்ல வேண்டும், அந்த அர்த்தம் நிற்கிற வண்டிக்குப் பொருந்தவும் வேண்டும். கேட்டுக்காரர் "புரிஞ்சுது" என்று சொல்லித் தாழ்ப்பாளை இழுத்துவிட்டால் முடிந்தது. வண்டி இரும்புக் கடைக்குப் போகிற வரைக்கும் அதுதான் அதன் பேர். முதல் டிரைவருக்கும் அதே பேர்தான்.

இப்படித்தான் RMB ‘ரிமெம்பர்’ ஆனது. ஞாபகம் வைத்துக்கொள்வது என்று பேர் வைத்தார்கள், ஊரில் தொலைகிற குடையில் பாதி அந்த வண்டியில்தான் கிடக்கிறது. GRD ‘கிரீடி’, பேராசை. ஊற்ற ஊற்ற டீசலைக் குடித்துவிட்டு ஏப்பம்கூட விடாது. PLT வந்த அன்று அதன் டிரைவர் ‘பைலட்’ என்று வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து எவனோ "பொலைட்! மரியாதை!" என்று கத்திவிட்டான். அந்த மனுஷன் வாயைத் திறந்தால் கேட்கிறவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவு சுத்தமான வாய். ‘பொலைட் அண்ணன்’ ஆன பிறகு, பேருக்குப் பயந்தே, குறுக்கே வருகிற சைக்கிள்காரனிடம் "கொஞ்சம் ஓரமாப் போங்களேன்" என்று கெஞ்சுகிற அளவுக்கு வந்துவிட்டார். HSB ‘ஹஸ்பெண்ட்’. "ஹஸ்பெண்ட் மறுபடியும் மக்கர் பண்றாரு, ரெண்டு பேரு வந்து தள்ளுங்க" என்று மைக்கில் சொல்வதென்றால் டிப்போவின் பெண்களுக்கு அலுக்கவே அலுக்காது.

சரி, பக்கெட்டக்காவுக்கு அந்தப் பேர் எப்படி வந்தது? அதுவும் கேட்டில்தான் வந்தது. அவள் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்த புதிது. BKT என்று ஒரு வண்டி. நல்ல நல்ல வார்த்தையெல்லாம் அதில் இருந்தது. ‘பாஸ்கெட்’ சொல்லியிருக்கலாம், ‘பிளாங்கெட்’ சொல்லியிருக்கலாம். இப்போது ஃபோர்மேனாக இருப்பவர் அப்போது வெறும் மெக்கானிக். "பக்கெட்!" என்று ஒரு கத்து கத்தினார். அர்த்தம் என்ன என்று கேட்டதற்கு, நுரை வழிய வழிய வாளியோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இவளைக் கை காட்டி, "அதோ நிக்குது பாரு, அதான்!" என்றார். டிப்போவே சிரித்தது. கேட்டுக்காரர் "புரிஞ்சுது" என்று தாழ்ப்பாளை இழுத்தார்.

அந்தக் கேட்டுக்காரர் வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர்தான். அன்றைக்கு அவருக்கு வீட்டில் என்ன மரியாதை கிடைத்தது என்பதை நான் சொல்ல மாட்டேன். "கேட்டுல உறவு கிடையாதும்மா, வார்த்தை சரி, அர்த்தம் சரி, நான் என்ன பண்ண?" என்று அவர் கதவுக்கு வெளியிலிருந்து சொன்னது மட்டும் அக்கம்பக்கத்துக்குக் கேட்டது.

BKT வண்டி ஓடி ஓடித் தேய்ந்து இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அதை ஓட்டியவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். பேர் மட்டும் இவளைப் பிடித்துக்கொண்டு போகமாட்டேன் என்றது. சம்பளம் வாங்கப் போனாலும் பக்கெட்டு, மகள் கல்யாணத்துக்குக் கூப்பிடப் போனாலும் "பக்கெட்டு வீட்டுக் கல்யாணமா?" கூடவே அவளும் சிரிப்பாள். உள்ளே பற்றிக்கொண்டு எரியும். "நான் பென்ஷன் வாங்கும்போதும் பக்கெட்டுதானா? படமா மாட்டின பிறகும் பக்கெட்டுதானா?" என்று ஒரு நாள் வீட்டுக்காரரிடம் கேட்டே விட்டாள். அவர் யோசித்துவிட்டு, "புது வண்டியை முதல்ல வெளிய எடுக்கிற டிரைவருக்குத்தான் புதுப் பேரு. அதுதான் வழி. வேற வழி எனக்குத் தெரியலை" என்றார். கேலியாகத்தான் சொன்னார். அவள் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

கழுவுகிற இடத்திலிருந்து நிறுத்துகிற இடத்துக்கு வண்டியை நகர்த்தி நகர்த்தியே ஸ்டீரிங் கைக்கு வந்தது. வார்த்தை? பஸ் கழுவுகிறவளுக்கு இங்கிலீஷ் எங்கிருந்து வரும் என்கிறீர்களா? பஸ்ஸிலிருந்துதான்! சீட்டில் விட்டுப்போன பேப்பர், வண்டியின் விலாவில் ஒட்டிய ஷாம்பு விளம்பரம், பல் டாக்டர் விளம்பரம், இன்ஷூரன்ஸ் விளம்பரம். ஆள் உயரத்துக்கு எழுதியிருப்பதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் மனப்பாடம் ஆகாமல் என்ன செய்யும்? தெரியாத வார்த்தைக்கு அர்த்தம் கேட்கக் கண்டக்டர் தங்கச்சி இருந்தாள். எப்போது பார்த்தாலும் காதில் பேனா செருகியிருக்கும் பெண், எதைக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொல்லுவாள்.

வீட்டில் பரீட்சை நடக்கும். வீட்டுக்காரர் வெங்காயம் உரித்துக்கொண்டே ஜன்னல் வழியாகத் தெருவில் போகிற வண்டியைப் பார்ப்பார்.

"SLN."

"சைலன்ஸ்!"

"அர்த்தம்?"

"நான் கோவமா இருக்கிற அன்னைக்கு இந்த வீட்டுல நீங்க இருக்கிற மாதிரி."

"புரிஞ்சுது. PTN."

"பேஷன்ஸ்! உங்ககூட இத்தனை வருஷம் நான் குப்பை கொட்டினேனே, அது."

"ம். புரிஞ்சுது. MRC?"

"மிராக்கிள். நான் சொல்லாமலே நீங்க பாத்திரம் கழுவி வெக்கிறது."

"அது புரியலை" என்று அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொள்வார்.

இப்படித்தான் நாள் போனது. லைசென்ஸ் வந்தது, டிரைவர் வேலைக்கு ஆள் எடுத்தபோது தேர்வும் ஆனாள். புது வண்டி ஒன்று வருகிறது, அதை அவளுக்கே கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது கழுவுகிற இடத்திலேயே ஒரு குதி குதித்தாள். சோப்பு நீரில் வழுக்கி விழப்போய்த் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு தப்பித்தாள்.

நேற்று அந்தப் புது வண்டியைக் கடைசியாகக் கழுவியதும் அவள்தான். முன்பக்கத்துப் பிளேட்டில் பழுப்புப் பேப்பர் ஒட்டியிருந்தது. தண்ணீர் பட்டு ஓரம் லேசாக மேலே எழும்பியது. யாருமில்லை. விரல் நுனியால் தூக்கினால் போதும், இரவெல்லாம் யோசிக்கலாம். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தடவித் தடவி ஓரத்தை அழுத்தி ஒட்டிவிட்டு, "சீ, இதுக்குப் பேரு ஜெயிப்பா?" என்று தன்னையே திட்டிக்கொண்டு பின்சக்கரத்தைக் கழுவப் போனாள்.

திரும்பும்போது ஃபோர்மேன் எதிரே வந்தார். "என்ன பக்கெட்டு, நாளைக்கு ராஜ்ஜியமே உன்னுதா? உனக்கு அருமையா ஒரு பேரு யோசிச்சு வெச்சிருக்கேன்."

"எழுத்தே தெரியாம எப்படிண்ணே யோசிச்சீங்க?"

"அதெல்லாம் நமக்குத் தானா வரும்" என்று விசில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

இதோ, விடிந்தாகிவிட்டது. வண்டி கேட்டுக்கு முன்னால் நிற்கிறது. டிரைவர் சீட்டில் அவள். பின்னால் கண்டக்டர் தங்கச்சி, "அக்கா, மூச்சு விடுங்கக்கா, முதல்ல மூச்சு விடுங்க" என்கிறாள். கீழே கூட்டம் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. வீட்டுக்காரர் சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வந்து, அவளை ஏறெடுத்தும் பார்க்காமல், பிளேட்டுக்கு முன்னால் குனிந்தார். அவள் ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டினாள். அவருடைய முதுகும் தொப்பியும் மட்டும் தெரிந்தது.

சர்ரென்று பேப்பர் கிழிகிற சத்தம்.

"V!" என்று படித்தார்.

"வேகன்ட்!" ஃபோர்மேன் குரல் இடி மாதிரி விழுந்தது. "வேகன்ட்னா காலி! நல்லாப் பாத்துக்கோங்க, பஸ்ஸும் காலி, ஸ்டீரிங்குக்குப் பின்னால இருக்கிற மண்டையும் காலி!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வேகன்ட் அக்கா! இதற்கு அந்த வாளியே மேல் அல்லவா? இத்தனை வருஷம் மனப்பாடம் செய்ததெல்லாம் ஒரே நொடியில் போச்சா? வார்த்தை சரியாகத்தான் இருக்கும். அர்த்தம் சரி. வண்டியில் ஒரு பயணியும் இல்லை, அதனால் பொருந்தவும் பொருந்துகிறது. வீட்டுக்காரர் எப்படிப்பட்ட நியாயவான் என்று அவளுக்குத் தெரியாதா? இப்போது எழுந்திருப்பார், தாழ்ப்பாளை இழுப்பார், எல்லாம் முடிந்துவிடும்.

அவர் எழுந்திருக்கவில்லை. குனிந்தபடியே இருந்தார்.

"ஃபோர்மேன் சார், இப்படிக் கொஞ்சம் முன்னால வாங்க."

"வந்துட்டேன், சொல்லுங்க."

"என் கை எங்க இருக்கு?"

"பிளேட்டு மேல."

"கைக்கு அடியில என்ன இருக்கு?"

"பேப்பரு."

"பேப்பருக்கு அடியில?"

"N, T" என்றார் ஃபோர்மேன்.

சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அதை நான் இன்னும் கிழிக்கவே இல்லையே சார்" என்றார் கேட்டுக்காரர் நிதானமாக. "பிளேட்டை மாட்டினது நீங்கதானா? மாட்டினவன் வாயைத் திறக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? வேகன்ட் செல்லாது. இந்த வண்டிக்கு உங்களுக்குப் பேச்சு கிடையாது. தள்ளி நில்லுங்க."

அப்போது பார்க்க வேண்டும் அந்த இடத்தை! விசில் என்ன, கைதட்டல் என்ன! பொலைட் அண்ணன்கூடப் பழைய வாய் திரும்பி வந்து, ஃபோர்மேனைப் பார்த்து மரியாதையில்லாமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். ஃபோர்மேன் முகம் தொங்கிப்போய், "சும்மா ஒரு வேடிக்கைக்குத்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கினார். பக்கெட்டக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மிச்சப் பேப்பரும் கிழிந்தது. "V! N! T!"

அவ்வளவுதான், ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள்.

"செவன்டி! எழுபது!" என்றான் டயர்காரன்.

"எழுபதுல போனா போலீஸ்காரன் பிடிப்பான். வேண்டாம்."

"ப்ரிவென்ட்! தடுக்கிறது!" என்றது கணக்குப் பிரிவு ஜன்னல்.

"தடுக்கிறதுக்குத்தான் நான் இருக்கேனே. வண்டி எதுக்கு?"

"வேனிட்டி!" என்றார் டீக்கடைக்காரர்.

"அர்த்தம்?"

"அது... அது ஒரு பை. பொம்பளைங்க தோள்ல மாட்டிக்குவாங்க."

"இவ்வளவு பெரிய வண்டியைத் தோள்ல மாட்டுவாங்களா? போய் டீ போடுங்க."

பக்கெட்டக்கா வாயைத் திறந்தாள். வந்தால்தானே! பாஸ்கெட், பிளாங்கெட், சைலன்ஸ், பேஷன்ஸ், வேண்டாததெல்லாம் வரிசையாக வருகிறது, வேண்டியது ஒன்றும் வரவில்லை. ‘இன்வென்ட்’ என்று ஒன்று தொண்டைவரை வந்தது, அதற்குள் எவனோ அதையும் கத்தி, இதில் என்னத்தைக் கண்டுபிடித்தாய் என்று கேட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு பம்பரில் வந்து மோதியது. ஒருத்தன் சக்கரத்துக்குப் பக்கத்தில் காலை வைத்துக்கொண்டு எம்பி எம்பிக் கத்தினான்.

அவளுக்கு வந்ததே கோபம்!

"ஏய், காலை எடு! சக்கரம் கண்ணுக்குத் தெரியலையா? நீ அந்தப் பக்கம் போ! டீக்கடைண்ணே, கண்ணாடியை மறைக்காதீங்க, இந்தப் பக்கம் வாங்க! எல்லாரும் கோட்டுக்கு அந்தாண்ட! வரிசையா! ஒருத்தர் பின்னால ஒருத்தர்! என்ன நினைச்சுக்கிட்டிருக்கீங்க, இது என்ன உங்க..."

பாதியில் நிறுத்தினாள். கீழே பார்த்தால் அத்தனை பேரும் அவள் சொன்ன இடத்தில், அவள் சொன்ன மாதிரியே வரிசையாக நிற்கிறார்கள். ஃபோர்மேன்கூடக் கோட்டுக்கு அந்தாண்டை. அவளுடைய வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி மேலே வந்தது, அதோடு சேர்ந்து வார்த்தையும் வந்தது.

"கவர்மென்ட்!" என்று கத்தினாள். "கவர்மென்ட்! கவர்மென்ட்!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டுக்காரர் முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "V எங்க இருக்கு?"

"முதல் ரெண்டு எழுத்துக்கு அப்புறம்."

"N?"

"நடுவுல."

"T?"

"கடைசியில, கதவைச் சாத்திக்கிட்டு நிக்குது."

"அர்த்தம்?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினாள். "யாரு எங்க ஏறணும், எங்க இறங்கணும், எப்படி வரிசையில நிக்கணும்னு அது சொல்றதுதான் சட்டம். நேரத்துக்கு வராது, ஆனாலும் அதுக்காகத்தான் எல்லாரும் காத்துக்கிட்டு நிக்கணும். அதைத் திட்டாத ஆளு ஊர்ல கிடையாது. ஆனா ஒரு நாள், ஒரே ஒரு நாள் அது ஓடலைன்னு வைங்க, அத்தனை பேரு பொழைப்பும் நின்னுபோயிடும்."

"அப்படிப் போடுங்கக்கா!" என்று கண்டக்டர் தங்கச்சி உள்ளேயிருந்து கத்தினாள்.

கேட்டுக்காரர் வண்டியை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். தாடையைத் தடவினார். அவர் முகத்திலிருந்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "சார், வண்டிக்கு மட்டுமில்ல, உங்க வீட்டுக்கும் பொருந்துதே!" என்றது. சிரிப்பு வெடித்தது. அவர் சிரிக்கவில்லை, ஆனால் மீசை துடித்தது.

ஃபோர்மேனுக்குப் பொறுக்கவில்லை. "அது ரொம்பப் பெரிய வார்த்தை, ஒரு பஸ்ஸுக்குத் தாங்..."

"உங்களுக்கு இன்னைக்குப் பேச்சு கிடையாதுன்னு சொன்னேனா இல்லையா?"

கேட்டுக்காரர் கேட்டுக்குப் போனார். தாழ்ப்பாளில் கை வைத்தார். வைத்தவர் இழுக்காமல் நின்றார். இந்த மனுஷன் இப்போது என்ன குறை கண்டுபிடிக்கப் போகிறார்?

"எனக்கு" என்றார், "ரொம்ப நல்லாப் புரிஞ்சுது."

தாழ்ப்பாள் கடகடவென்று இழுபட்டது. கேட் திறந்தது. அவர் மைக்கை எடுத்து, டிப்போ முழுக்கக் கேட்கும்படி, "கவர்மென்ட் வெளிய வருது! எல்லாரும் வழி விடுங்க!" என்றார்.

வழி விட்டார்கள். ஃபோர்மேன் ஓரமாக நின்று, பெரிய மனுஷர்களுக்குச் செய்கிற மாதிரி நெஞ்சில் கை வைத்துக் குனிந்து, "போயிட்டு வாங்க கவர்மென்ட் அக்கா" என்றார். கேலிதான். ஆனால் அவர் வாயாலேயே வந்துவிட்டது அல்லவா? அதைக் கேட்டபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை ஏது, கியர் மாற்ற வேண்டுமே. ஹாரனை அழுத்தினாள். தேவையே இல்லாமல் இன்னொரு தடவையும் அழுத்தினாள்.

வண்டி கேட்டைத் தாண்டும்போது வீட்டுக்காரர் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை நீ, வா, போ என்று மட்டுமே கூப்பிட்ட மனுஷன், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "சாயந்திரம் சாப்பாட்டுக்கு நேரத்தோட வந்துடுவீங்களா?" என்று கேட்டார்.

அவள் பிரேக்கில் காலை வைக்கவே இல்லை.

"பரிசீலிக்கிறோம்!" என்று கத்திவிட்டு, கவர்மென்ட் சாலையில் ஏறித் திரும்பிப் போய்விட்டது.